குறிப்பேடு காத்த சதுப்பு நிலம்

சுங்கை பூலோ என்றவுடன் மலேசியத் தமிழர் பலருக்கும் சிலாங்கூர் மாநிலத்தில் 1930ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பே நினைவுக்கு வரும். அதே பெயரைத் தாங்கிய மற்றோர் இடம் ஜொகூர் நீரிணைக்குத் தெற்கே, சிங்கப்பூர்த் தீவின் வடமேற்கு விளிம்பில் உள்ளது. மலாய் மொழியில் சுங்கை என்பது ஆறு. பூலோ என்பது மூங்கில். மூங்கில் ஆறு என்று தமிழில் வழங்கத்தக்க அச்சிற்றாறு கடலோடு கலக்கும் இடத்தில் இன்று ஒரு சதுப்பு நிலப் புகலிடம் விளங்குகின்றது. ஆண்டுதோறும் சைபீரியா முதலிய வடபுலங்களிலிருந்து வரும் பறவைகள் அங்கே இறங்கி இளைப்பாறுகின்றன.

நிலத்துக்கு விலை மிகுந்த ஒரு தீவில், தொழிற்சாலையும் அடுக்குமாடி வீடும் போட்டியிட்டு இடம் கேட்கும் ஒரு நாட்டில், சேறும் சகதியுமான ஒரு நிலத்துண்டு எவ்வாறு தப்பியது? அதனைத் தப்புவித்தவர்கள் பெருஞ்செல்வர் அல்லர். பேரணி நடத்தியவரும் அல்லர். பார்த்தவர்கள், பார்த்ததை எண்ணியவர்கள், எண்ணியதை எழுதி வைத்தவர்கள். அவர்தம் குறிப்பேடுகளின் வரலாறே இச்சதுப்பு நிலத்தின் வரலாறு.

கண்டற்காடும் இறால் குளமும்

1819ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சிங்கப்பூரில் காலூன்றிய காலத்தில், தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காட்டைக் கண்டற்காடுகள் மூடியிருந்தன என்பது ஆய்வாளர் கணிப்பு. மலாய் மக்கள் பாக்காவ் என்று அழைக்கும் அம்மரங்களைச் சங்கப் புலவர் கண்டல் என்ற பெயரால் நெய்தல் நிலத்தில் வைத்துப் பாடியுள்ளனர். உப்பு நீரில் வேரூன்றி, முட்டுக்கால் போன்ற வேர்களால் சேற்றைப் பற்றிக்கொண்டு நிற்கும் அவை, கரையை அலை அரித்துவிடாமல் காப்பவை; மீன் குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் தொட்டிலாக அமைபவை. விறகுக்கும் கரிக்கும் வெட்டப்பட்டும், துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் மண்ணிட்டு நிரப்பப்பட்டும், ஆற்று முகங்கள் அணையிட்டு நீர்த்தேக்கங்கள் ஆக்கப்பட்டும் அக்காடுகள் சுருங்கின. இன்று எஞ்சியிருப்பது நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே ஆகும்.

சுங்கை பூலோவிலும் மனிதன் கை படாமல் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தோர் கண்டற்காட்டுக்குள் மண்கரைகள் எழுப்பி இறால் குளங்கள் அமைத்தனர். அவர்கள் கையாண்ட முறை எளியது. ஆனால் நுட்பம் வாய்ந்தது. ஒவ்வொரு குளத்துக்கும் ஆற்றை நோக்கி ஒரு மதகு இருக்கும். கடல் ஏறும்போது மதகைத் திறப்பர். ஏற்ற நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். பின்னர் மதகை அடைப்பர். கண்டல் இலைகள் நீரில் விழுந்து மக்கி உணவாக, குஞ்சுகள் தாமே வளரும். கடல் வற்றும் வேளையில், பெரும்பாலும் இரவில், மதகின் வாயில் வலையைப் பொருத்தித் திறந்துவிட்டால் வெளியேறும் நீரோடு இறாலும் வலையில் விழும். கடலின் ஏற்ற இறக்கத்தையே வேலையாளாக வைத்து நடத்திய வேளாண்மை அது.

1970களிலும் 1980களிலும் சிங்கப்பூரின் வேளாண்மை வேகமாகச் சுருங்கியது. 1975ஆம் ஆண்டு அருகிலிருந்த கிராஞ்சி ஆற்றுக்கு அணையிடப்பட்டு அது நன்னீர்த் தேக்கமாயிற்று. நீர்த்தேக்கம் மாசுபடாதிருக்க அப்பகுதியின் பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. சிறு பண்ணைகள் நீங்கிய இடங்களில் புதுமுறைத் தொழில்நுட்ப வேளாண் பூங்காக்கள் அமைக்கும் திட்டம் தீட்டப்பட்டது. சுங்கை பூலோவின் குளங்களும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. குடும்பங்கள் வெளியேறின. பல்லாண்டு உழைத்த மண்கரைகளை விட்டுச் செல்வது அவர்களுக்கு எளிதாக இருந்திராது. இன்று அப்புகலிடத்தைப் போற்றுவோர் மறத்தலாகாத செய்தி இது: பறவைகள் இறங்கிய நிலம் பலர் இழந்த வாழ்வுக்களமும் ஆகும்.

1986ஆம் ஆண்டு

கைவிடப்பட்ட குளங்களில் நீர் குறைந்தது, சேறு வெளிப்பட்டது. சேற்றில் புழுக்களும் நண்டுகளும் சிறு நத்தைகளும் பெருகின. அவற்றைத் தேடிப் பறவைகள் வந்தன. 1986ஆம் ஆண்டு பறவை ஆர்வலர் சிலர் தொலைநோக்கிகளோடு அங்கே சென்றபோது, இடம்பெயர் பறவைகள் பெருந்திரளாக இறங்கியிருக்கக் கண்டனர். அவர்களுள் ஒருவர் வங்கி அலுவலரான ரிச்சர்ட் ஹேல். அவர் தொழிலால் விலங்கியலார் அல்லர். ஓய்வு நேரத்தில் பறவை பார்ப்பது அவர்தம் பழக்கம்.

அவர்கள் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சார்ந்தவர்கள். அக்கழகம் 1940இல் தோன்றியது; அதன் சிங்கப்பூர்க் கிளை 1954இல் அமைந்தது; 1991இல் அக்கிளையே சிங்கப்பூர் இயற்கைக் கழகம் எனத் தனித்து இயங்கலாயிற்று. அதன் உறுப்பினர் சுங்கை பூலோவைக் கண்டு வியந்ததோடு நின்றுவிடவில்லை. மீண்டும் மீண்டும் சென்றனர். எந்த நாள், எந்த நேரம், கடல் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா, எந்தப் பறவை, எத்தனை என்று எழுதினர். அக்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, அவ்விடத்தை இயற்கைப் பூங்காவாக ஒதுக்க வேண்டும் என ஒரு முன்மொழிவை எழுதி அரசிடம் அளித்தனர்.

இம்முன்மொழிவின் வலிமை எதில் இருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 'பறவைகள் அழகியவை, அவற்றைக் காத்தருள்க' என்று மட்டும் வேண்டியிருந்தால் அது ஒரு விண்ணப்பமாக இருந்திருக்கும். இன்ன இனம், இத்தனை எண்ணிக்கை, இன்ன மாதம் என்று காட்டியதால் அது சான்றாயிற்று. விண்ணப்பத்தை மறுப்பது எளிது. சான்றை மறுப்பது அரிது. 1989ஆம் ஆண்டு 87 ஹெக்டேர் நிலம் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் தேசிய வளர்ச்சி அமைச்சராகப் பொறுப்பு வகித்தவர் எஸ். தனபாலன் என்பது தமிழர் நினைவிற்கொள்ளத்தக்கது.

பூங்காவை உருவாக்கும் பணியில் இங்கிலாந்தின் நீர்ப்பறவை, சதுப்புநில அறக்கட்டளையின் அறிவுரை பெறப்பட்டது. 1946இல் பீட்டர் ஸ்காட் என்பவர் செவர்ன் ஆற்றின் கழிமுகத்தருகே நிறுவிய அமைப்பு அது. பறவைக்கு மனிதன் தெரியாமலும் மனிதனுக்குப் பறவை தெரியும்படியும் மறைவுக் குடில்கள் கட்டுவதில் தேர்ந்தது. சுங்கை பூலோவிலும் அத்தகைய குடில்கள் எழுந்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிரதமர் கோ சோக் தோங் பூங்காவைத் திறந்து வைத்தார்.

ஏற்றமும் வற்றும்

அங்கு பறவை பார்க்கச் செல்வோர் முதலில் கற்க வேண்டியது கடலின் கடிகாரம். நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை வற்றுகின்றது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றும் மிகுதி. கடல் வற்றும்போது அருகிலுள்ள மண்டாய்க் கரையில் அகன்ற சேற்றுவெளி வெளிப்படும். கரைப்பறவைகள் அங்கே பரவி இரைதேடும். கடல் ஏறத் தொடங்கியதும் அச்சேற்றுவெளி மறையும். நிற்க இடமின்றிப் பறவைகள் எழும்பும். நீண்ட கால்களையுடைய இச்சிறு பறவைகளுக்கு அப்போது வேண்டுவது நீர் ஏறாத ஓர் ஓய்விடம். சுங்கை பூலோவின் குளங்களே அவ்விடம்.

கடல் ஏறினாலும் குளத்தில் சேறு தெரிய வேண்டும். அதற்கு என்ன வழி? பழைய இறால் மதகுகளே வழி. உழவர் இறாலுக்காக நீரை உள்ளே விட்ட அதே அமைப்பைக் கொண்டு, இன்று பாதுகாவலர் பறவைக்காக நீரை வெளியே நிறுத்துகின்றனர். உழவர் கண்ட நுட்பம் அவர் சென்ற பின்னும் தொடர்ந்து பயன்படுகின்றது.

ஏற்ற வேளையில் மறைவுக் குடிலின் பலகைத் திறப்பு வழியே நோக்குவோர் காண்பது ஒரு பள்ளிச்சபை போன்ற காட்சி. செந்நிறக் கால்களையுடைய உள்ளான்கள் ஒற்றைக்காலில் நின்று, அலகை இறகுக்குள் செருகி உறங்கும். பச்சைக்காலிகள் சற்றே விலகி நிற்கும். பொன்னிறப் புள்ளி தெளித்த உப்புக்கொத்திகள் வரிசை வரிசையாகக் காற்றை எதிர்நோக்கி அமரும். வளைந்த நீள் அலகுடைய கோட்டான்கள் உருவில் பெரியவையாகத் தனித்துத் தோன்றும். அலகின் அளவைக் கண்டே அவற்றின் உணவை ஓரளவு உணரலாம். குட்டை அலகுடைய உப்புக்கொத்தி சேற்றின் மேற்பரப்பில் அசைவதைக் கண்ணால் கண்டு கொத்தும். உள்ளான் சற்று ஆழத்தில் துழாவும். கோட்டான் தன் வளைந்த அலகை நண்டு வளைக்குள் செலுத்தி இழுக்கும். ஒரே சேற்றில் பல இனம் வாழ்ந்தும் போர் மூளாமைக்கு இப்பங்கீடும் ஒரு காரணம்.

பறவைகள் அல்லாத உயிர்களும் அங்கே பல. நீர் உடும்புகள் நடைபாதையைக் குறுக்கே கடக்கும். சேற்றில் துள்ளும் மீன்கள் துடுப்பை ஊன்றி நிலத்தில் நடக்கும். சிங்கப்பூரில் அற்றுப்போயின என்று கருதப்பட்ட நீர்நாய்கள் 1990களில் இக்கரையில் மீண்டும் தோன்றிக் குட்டியீன்றன. ஆற்றின் மேலுள்ள பாலத்திலிருந்து உவர்நீர் முதலைகளையும் காணலாம். வால் இழந்ததால் 'வாலில்லாதவன்' என்று பார்வையாளர் அழைத்து வந்த பெருமுதலை ஒன்று 2014இல் இறந்தபோது, செய்தித்தாள்கள் அச்செய்தியை வெளியிட்டன.

வளையமும் வழியும்

வரும் பறவை எங்கிருந்து வருகின்றது? மீண்டும் எங்கே செல்கின்றது? கண்ணால் நோக்குவதனால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. 1990ஆம் ஆண்டு முதல் சுங்கை பூலோவில் பறவைகளுக்கு வளையமிடும் பணி நடைபெறுகின்றது. மென்வலையில் பறவையைப் பிடித்து, எடையும் இறகின் நீளமும் அளந்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் அணிவித்து விடுவர். பிறிதொரு நாட்டில் அப்பறவையைக் காண்போர் எண்ணைத் தெரிவிப்பின் ஒரு வழியின் இரு முனைகள் இணைகின்றன.

இத்தகைய பறவைகள் செல்லும் பெருவழிக்குக் கிழக்காசிய-ஆஸ்திரேலியப் பறவை வழி என்று பெயர். ஆர்க்டிக் விளிம்பிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் அவ்வழியில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இயங்குவதாக மதிப்பிடுவர். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வரத் தொடங்கும் பறவைகள் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வடக்கே திரும்புகின்றன. பல இனங்களில் பெற்றோர் முன்னே புறப்பட்டுவிட, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் வழிகாட்டி எவருமின்றிப் பின்னர் வருகின்றன என்பது வியப்பினும் வியப்பு.

சுங்கை பூலோவுக்கு வருபவை எல்லாம் கிழக்குக் கரை வழியே மட்டும் வருவன என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. பறவைகளின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தித் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020ஆம் ஆண்டு வெளிவந்தது. சிங்கப்பூரில் குளிர்காலம் கழித்த செங்கால் உள்ளான்கள் சில இமயமலையைக் கடந்து திபெத்துப் பீடபூமிக்குச் சென்று இனம் பெருக்குகின்றன என்பதை அது காட்டியது. கையளவே உடைய ஒரு பறவை உலகின் மிகவுயர்ந்த மலைத்தொடரைத் தாண்டிச் சென்று, அடுத்த ஆண்டு அதே குளத்துக்குத் திரும்புகின்றது.

இழந்த சதுப்பு

சுங்கை பூலோவின் வெற்றியை மட்டும் கூறி நிறுத்துவது வரலாற்றுக்கு அறமாகாது. அதே வடகரையில் சற்றுக் கிழக்கே செனோக்கோ என்னும் இடத்திலும் கைவிடப்பட்ட குளங்களில் பறவைகள் திரண்டன. அதனையும் காக்குமாறு இயற்கைக் கழகம் வேண்டியது. 1994ஆம் ஆண்டு ஏறத்தாழ 25,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் அளிக்கப்பட்டது. ஆயினும் வீட்டுத் தேவை முன்னுரிமை பெற்றது. அச்சதுப்பு நிலம் இழக்கப்பட்டது.

ஈரிடத்தும் பறவைகள் இருந்தன. ஈரிடத்தும் அவற்றைக் காக்க மனிதர் முயன்றனர். ஒன்று நின்றது, ஒன்று சென்றது. வீடும் மக்களுக்கு வேண்டுவதே. ஆகவே இதில் ஒரு சாரார் நல்லவர், மறு சாரார் தீயவர் என்று தீர்ப்புக் கூறுதல் எளிதன்று. எனினும் ஒன்று தெளிவு. வீட்டுக்கு வேறு நிலம் தேடலாம், உயர்த்தியும் கட்டலாம். கரைப்பறவைக்கு வேறு சேறு கிடையாது. இவ்வுண்மையை ஆளுவோர்க்கு உரிய காலத்தில், உரிய சான்றோடு எடுத்துரைப்பவர் இருத்தல் வேண்டும். அவ்வாறு உரைத்தும் சிலபோது தோல்வி நேரும். தோல்வி நேரினும் பதிவு எஞ்சும். அடுத்த முயற்சிக்கு அதுவே முதலாகும்.

அவ்வாறே பின்னாளில் நிகழ்ந்தது. 2002ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சுங்கை பூலோ, 130 ஹெக்டேர் பரப்புடைய இயற்கைக் காப்பிடமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2003இல் சிங்கப்பூரின் முதல் ஆசியான் மரபுரிமைப் பூங்காவாகத் தேர்வு பெற்றது. 2014இல் 202 ஹெக்டேராக விரிந்தது. இரைதேடும் மண்டாய்ச் சேற்றுவெளியும் காக்கப்படும் என்று 2018இல் அறிவிப்பு வந்தது. உண்ணும் இடத்தை இழந்தால் உறங்கும் இடத்தால் பயனில்லை என்பதைப் பல்லாண்டுக் கணக்கெடுப்புகளே உணர்த்தின. 2020இல், இவற்றை இணைத்து 400 ஹெக்டேருக்கும் மேற்பட்ட இயற்கைப் பூங்கா வலையமைப்பு அறிவிக்கப்பட்டது.

காத்தல் என்னும் தொழில்

வேலியிட்டுவிட்டால் நிலம் தானே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறு. குளங்களை அப்படியே விட்டால் கண்டல் விதைகள் மிதந்து வந்து சேற்றில் ஊன்றி முளைக்கும். சில ஆண்டுகளில் வெட்டவெளி காடாகும். காடு நல்லதே; ஆனால் பகைவனைத் தொலைவிலேயே காண விரும்பும் கரைப்பறவை மரங்கள் சூழ்ந்த இடத்தில் இறங்காது. ஆகவே ஒரு பகுதியில் கண்டல் வளரவும், மற்றொரு பகுதியில் செடிகளைக் களைந்து சேறு வெளிப்படவும் இடைவிடாது உழைக்க வேண்டியுள்ளது. மதகு பழுதானால் செப்பனிட வேண்டும். கரை உடைந்தால் அடைக்க வேண்டும். அலை ஒதுக்கும் ஞெகிழிக் குப்பையை அள்ள வேண்டும்.

இத்தனை உழைத்தும் கரைப்பறவைகளின் எண்ணிக்கை இப்பெருவழி நெடுகிலும் குறைந்து வருகின்றது. அதன் காரணம் சிங்கப்பூருக்கு வெளியேயும் உள்ளது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சட் கடலின் கரையோரச் சேற்றுவெளிகள், வடக்கே திரும்பும் பறவைகளில் பல வயிறு நிறைக்கும் இடம். அங்கு மண்ணிட்டு நிரப்பிய பணிகளால் பரந்த சேற்றுவெளிகள் மறைந்தன. தென்கொரியாவில் சேமாங்கும் என்னுமிடத்தில் 2006இல் மூடப்பட்ட கடற்சுவர் மட்டும் 33 கிலோமீட்டர் நீளம். சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் மறு கண்ணி எத்துணை உறுதியாயினும் பயன் குன்றும். 2019இல் மஞ்சட் கடலின் சீனக் கரையில் ஒரு பகுதியும், 2021இல் கொரியச் சேற்றுவெளிகளும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றமை ஆறுதல் தரும் செய்தி. அவற்றுக்கும் அடிப்படையாய் அமைந்தவற்றுள் அங்குள்ள பறவை ஆர்வலரின் எண்ணிக்கைக் குறிப்புகளும் அடங்கும்.

முடிவுரை

சுங்கை பூலோவின் வரலாறு தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர், கண்டலையும் கழியையும் நாரையையும் கரும்பலகையில் எழுதிப் பொருள் கூறுவதோடு அமைதல் வேண்டா. அவற்றைக் கண்ணாரக் காணும் இடம் இந்நாடுகளில் இன்னும் எஞ்சியுள்ளது. நேரில் கண்ட மாணவனுக்கு அச்சொற்கள் அகராதிச் சொற்களாக நில்லா.

காணச் செல்லும் மாணவன் கையில் விலையுயர்ந்த கருவி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். நாள், நேரம், கடலின் நிலை, பறவையின் பெயர், எண்ணிக்கை என ஐந்து செய்திகளை ஒரு வரியில் எழுதினால் போதும். பெயர் தெரியாவிடின் காலின் நிறத்தையும் அலகின் வடிவையும் எழுதலாம். எண்ணியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுத வேண்டும். 1986இல் சிலர் எழுதியதும் இத்தகைய வரிகளையே. அவ்வரிகள் நின்றமையால் சேறு நின்றது; சேறு நின்றமையால், இமயம் கடந்து வரும் செங்கால் உள்ளானுக்கு இன்றும் அங்கே கால் வைக்க இடம் இருக்கின்றது.